பிரெஞ்சு ஒயின் லேபிளில் ஊர்ப் பெயரைப் படிப்பது எப்படி?

ஆஸ்திரேலிய ஒயினோ சிலி ஒயினோ வாங்கிப் பழகியவர்கள் பிரெஞ்சு பாட்டிலைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது திராட்சை வகையின் பெயரை. மெர்லோவா, ஷார்தொனேயா என்று பார்த்தால் பெரும்பாலும் அது இருக்காது. ஒரு ஊரின் பெயர், ஒரு மாளிகைப் படம், அடியில் பொடி எழுத்தில் நாலைந்து வரிகள், அவ்வளவுதான். பிரான்சில் ஒயினுக்கு அடையாளம் அது விளைந்த இடம். இடத்தைச் சொல்லிவிட்டால் எந்தத் திராட்சை, எப்படிச் செய்தது, ஏறக்குறைய என்ன சுவை என்பதெல்லாம் அதிலேயே அடங்கிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. சான்செர் என்று எழுதிய வெள்ளை ஒயின் சோவின்யோன் ப்ளான் திராட்சையில் மட்டும்தான் செய்யப்பட்டிருக்க வேண்டும், விதி அப்படி. பிறகு எதற்குத் தனியாக எழுதுவது?

கடை அலமாரிக்கு முன்னால் நின்று குழம்புகிறவர்களுக்காகவும், பாரிஸ் உணவகங்களின் சமையலறையில் தொடங்கிப் பரிமாறும் பக்கத்துக்கு வரும் நம்மவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எல்லா ஊர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. லேபிளில் எந்த வரியை எந்த வரிசையில் படிப்பது என்று தெரிந்தால் போதும்.

தொடங்குமுன் ஒரு குறிப்பு. பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். லேபிளில் அவற்றின் கடைசியில் எக்ஸ், டி, எஸ் என்று ஏதாவது ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது ஒலிக்காது. போர்தோ, மார்கோ இரண்டுமே எழுத்தில் எக்ஸில்தான் முடியும்.

முதலில் பொடி எழுத்து

பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் தயாரிப்பாளரின் பெயர், அல்லது விற்பனைக்காக வைத்த பெயர். நீங்கள் தேட வேண்டியது "அப்பெலாசியோன்" என்று தொடங்கி "கோந்த்ரோலே" அல்லது "ப்ரோதெஜே" என்று முடியும் வரியை. இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் பெயர்தான் அந்த ஒயினின் சட்டப்படியான பிறப்பிடம். சுருக்கமாக ஏ.ஓ.சி. என்றும் ஏ.ஓ.பி. என்றும் போடுவார்கள். முன்னது பிரெஞ்சு முறை, பின்னது ஐரோப்பிய ஒன்றியத்தின் முறை. வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த வரி வந்ததற்குப் பின்னால் பெரிய மோசடிக் கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்செரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஒயினுக்குத் தட்டுப்பாடு வந்தது. எங்கிருந்தோ வந்த சரக்கெல்லாம் புகழ்பெற்ற ஊர்களின் பெயரில் விற்கப்பட்டது. 1911இல் ஷாம்பெய்ன் விவசாயிகள் கலவரத்திலேயே இறங்கினார்கள். தெற்கே ஷாத்தோநெஃப்-து-பாப் ஊரில் பாரோன் லெ ருவா என்ற தோட்டக்காரரின் முன்முயற்சியில், எந்த நிலம், எந்தத் திராட்சை, எவ்வளவு ஆல்கஹால் என்று 1923இலேயே விதிகள் வகுத்தார்கள். அரசியல்வாதி ஜோசஃப் காப்யூவின் முயற்சியால் 1935 ஜூலை 30 அன்று அது நாடு முழுமைக்குமான சட்டமானது. முதல் அப்பெலாசியோன்கள் 1936இல் அறிவிக்கப்பட்டன. ஷாத்தோநெஃப்-து-பாப் அவற்றில் ஒன்று.

(அதே ஊராட்சி 1954இல், பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கக் கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டது. ஒயினைக் காப்பாற்றுவதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை என்றும் சொல்லலாம், விளம்பரத்தில் அவ்வளவு சாமர்த்தியம் என்றும் சொல்லலாம்.)

அப்பெலாசியோன் வரி இல்லையென்றால் இரண்டில் ஒன்று இருக்கும். ஐ.ஜி.பி. என்று இருந்தால் பரந்த வட்டாரம், தளர்வான விதிகள். பழைய பாட்டில்களில் இதுவே "வேன் து பேயி" என்று இருக்கும். "வேன் து ஃப்ரான்ஸ்" என்று இருந்தால் பிரான்சில் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்த திராட்சை. ஐ.ஜி.பி.யில் அதிகம் கண்ணில் படுவது தெற்கே லாங்தோக் பகுதியின் "பேயி தோக்". அதில் திராட்சை வகையின் பெயரைப் பெரிதாகவே போடுவார்கள், புதிதாகத் தொடங்குகிறவருக்கு வசதி.

வேன் து ஃப்ரான்ஸ் என்றாலே மட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தங்கள் ஊர் விதிகளில் இல்லாத திராட்சையை வளர்க்கிறவர்களும், விதியோடு ஒத்துப்போகாத முறையில் செய்கிறவர்களும் வேண்டுமென்றே இந்தப் பெயரில் விற்கிறார்கள். 5 யூரோ பாட்டிலிலும் இதே சொல், 40 யூரோ பாட்டிலிலும் இதே சொல். இந்த வகையில் ஊர் எதையும் சொல்லாது. செய்தவர் யார் என்பதுதான் பேச்சு.

ஷாம்பெய்னுக்கு மட்டும் விலக்கு உண்டு. "ஷாம்பெய்ன்" என்ற சொல்லே போதும், அப்பெலாசியோன் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது: இடம் எவ்வளவு சிறியது?

வரியைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்த கேள்வி, அந்தப் பெயர் எவ்வளவு பெரிய நிலப்பரப்பைக் குறிக்கிறது என்பது. நம் ஊர் பட்டாவில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் என்று இறங்கிக்கொண்டே போவதைப் போலத்தான். எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு விதிகள் இறுகும், விளைச்சலுக்கு உச்சவரம்பு குறையும், விலை ஏறும்.

போர்தோவில் இப்படி: "போர்தோ" என்று மட்டும் இருந்தால் அந்தப் பெரிய வட்டாரத்தில் எங்கிருந்தும் வந்திருக்கலாம். "மெதோக்", "ஓ-மெதோக்" என்றால் ஜிரோந்து முகத்துவாரத்தின் இடது கரை. "போயாக்", "மார்கோ", "சேன்-ஜூலியேன்", "சேன்-தெஸ்தெஃப்" என்றால் அந்தக் கரையில் உள்ள ஒரு குறிப்பிட்ட ஊர். இடது கரையில் கேபர்னே சோவின்யோன் கை ஓங்கியிருக்கும். சேன்-தெமிலியோன், பொமெரோல் இருக்கும் வலது கரையில் மெர்லோ.

இங்கே புதியவர்களைத் தடுமாற வைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. மேல் படிக்குப் போகப் போக லேபிளில் சொற்கள் குறையும். பெரிய வட்டாரத்தின் பெயர் அப்பெலாசியோன் வரியிலிருந்து காணாமல் போகும். போஜொலே வட்டாரத்தின் சிறந்த பத்து ஊர்ப் பெயர்களில் ஒன்று மோர்கோன். மோர்கோன் பாட்டிலில் பெரும்பாலும் போஜொலே என்ற சொல்லே இருக்காது. ரோன் பள்ளத்தாக்கின் கெரான் 2016இல் தனி அப்பெலாசியோன் ஆனது. அதுவரை "கோத் து ரோன் வில்லாஜ்" என்ற நீண்ட பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்டிருந்தவர்கள், அதன்பின் "கெரான்" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். தெரிந்த பெயர் எதுவும் லேபிளில் இல்லையே, இது ஏதோ ஊர் பேர் தெரியாத சரக்கு என்று திரும்ப வைத்துவிடாதீர்கள். அப்பெலாசியோன் வரியில் ஒரே ஒரு சிறிய ஊரின் பெயர் தனியாக நின்றால், அது தன் பெயரிலேயே நிற்கும் அளவுக்கு அங்கீகாரம் பெற்ற ஊர்.

பூர்கோஞ்: ஒரு லேபிளைக் கிட்டத்தில் பார்ப்போம்

ஆங்கிலத்தில் பர்கண்டி என்கிறார்களே, அதுதான் பூர்கோஞ். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. சிவப்பு பெரும்பாலும் பினோ நுவார், வெள்ளை பெரும்பாலும் ஷார்தொனே. திராட்சை ஏறக்குறைய ஒன்றே என்பதால் வித்தியாசம் முழுவதும் நிலத்தில்தான் இருக்கிறது.

ஜெவ்ரே என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். அந்த ஊரின் மிகப் புகழ்பெற்ற தோட்டம் ஷாம்பெர்தேன். 1847இல் ஊர்க்காரர்கள் அந்தத் தோட்டத்தின் பெயரை ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஊர் ஜெவ்ரே-ஷாம்பெர்தேன் ஆனது. அக்கம்பக்கத்து ஊர்களும் இதையே செய்தன. மோன்ராஷே தோட்டம் ப்யூலின்யி, ஷசாஞ் இரண்டு ஊர் எல்லையிலும் கிடப்பதால் இரண்டு ஊருமே அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டன. அன்றைக்கு அது நல்ல வியாபார உத்தி, இன்றைக்கு வாங்குகிறவருக்குத் தலைவலி.

இப்போது நான்கு பாட்டில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

முதல் பாட்டிலில் "அப்பெலாசியோன் பூர்கோஞ் கோந்த்ரோலே". தயாரிப்பாளரின் முகவரி ஜெவ்ரேயாக இருக்கலாம். ஆனால் திராட்சை பூர்கோஞ் வட்டாரத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம்.

இரண்டாவதில் "ஜெவ்ரே-ஷாம்பெர்தேன்". ஊர் ஒயின். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் வேறொரு பெயரும் இருக்கலாம். அது அந்தத் தோட்டத் துண்டின் பெயர். பெயர் இருக்கிறது என்பதால் படி ஏறிவிடாது. பக்கத்தில் "ப்ரெமியே க்ரூ" (ஊர் ஒயினுக்கு ஒரு படி மேலான தோட்டத் தகுதி) என்ற சொற்கள் இல்லையென்றால் அது ஊர் ஒயின்தான்.

மூன்றாவதில் "ஜெவ்ரே-ஷாம்பெர்தேன் ப்ரெமியே க்ரூ", கூடவே "க்ளோ சேன்-ஜாக்" என்று தோட்டத்தின் பெயர். ப்ரெமியே என்பதைச் சுருக்கி எண் 1 போட்டு, அதன் தோளில் இரண்டு சின்ன எழுத்துகளை ஏற்றி எழுதுவார்கள். தோட்டத்தின் பெயர் இல்லாமல் ப்ரெமியே க்ரூ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அந்த ஊரின் பல ப்ரெமியே க்ரூ தோட்டங்களின் கலவை.

நான்காவதில் "ஷாம்பெர்தேன்", கீழே "க்ரான் க்ரூ", அதாவது உச்சப் படி. ஜெவ்ரேயும் இல்லை, பூர்கோஞும் இல்லை. தோட்டம் மட்டும்தான். இதன் விலை இரண்டாவது பாட்டிலைப் போலப் பல மடங்கு இருக்கும்.

அப்படியானால் "ஷார்ம்-ஷாம்பெர்தேன்" என்று ஒன்று இருக்கிறதே, அது எது? அதுவும் க்ரான் க்ரூ. ஜெவ்ரேயில் ஷாம்பெர்தேன் என்ற பெயரைத் தாங்கிய க்ரான் க்ரூ ஒன்பது உண்டு. ஊர்ப் பெயர் முன்னால் வந்தால் ஊர் ஒயின் அல்லது ப்ரெமியே க்ரூ, தோட்டப் பெயர் முன்னால் வந்தால் க்ரான் க்ரூ. சந்தேகம் வந்தால் "க்ரான் க்ரூ" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பூர்கோஞின் வெள்ளை ஒயின் ஊரான ஷாப்ளியையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் பூர்கோஞ் முழுவதிலும் 33 க்ரான் க்ரூதான்.

இவ்வளவு படித்தபின்னும் பாதிதான் தெரிந்திருக்கும். க்ளோ து வூஜோ என்ற க்ரான் க்ரூவை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவருக்குள் அடங்கிய ஒற்றைத் தோட்டம், சுமார் 50 ஹெக்டேர், உரிமையாளர்கள் ஏறத்தாழ 80 பேர். ஒரே அப்பெலாசியோன் வரியோடு எண்பது விதமான ஒயின் வரும். சரிவின் மேல்பகுதியில் வரிசை வைத்திருப்பவர் ஒருவர், கீழே சாலையோரம் நீர் தங்கும் மண்ணில் வைத்திருப்பவர் இன்னொருவர். லேபிள் அதைச் சொல்லாது. அதனால் பூர்கோஞில் ஊரைப் படித்த கையோடு தயாரிப்பாளரின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல தோட்டக்காரர் செய்த சாதாரண "பூர்கோஞ்" பாட்டில், சோம்பேறி ஒருவரின் ஊர் ஒயினைவிடப் பல நேரம் மேல் என்பது என் கட்சி.

"க்ரூ" ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொன்று

பூர்கோஞில் க்ரூ என்பது நிலத்துக்குக் கொடுத்த தகுதி. இதே சொல்லை மற்ற வட்டாரங்கள் வேறு வேறு பொருளுக்குக் கொடுத்திருக்கின்றன. பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

போர்தோவின் மெதோக்கில் தகுதி பண்ணைக்கு, அதாவது ஷாத்தோவுக்கு. 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் பட்டியல் கேட்டார். போர்தோவின் தரகர்கள் அன்றைய சந்தை விலையை வைத்து ஐந்து படிகளாகப் பண்ணைகளை அடுக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் நடப்பில் இருக்கிறது. முதல் படியில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன் என நான்கு. 1973இல் முத்தோன் ரோத்ஷில்து இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏற்றப்பட்டது. அப்போது வேளாண் அமைச்சர் ஜாக் ஷிராக். பண்ணை தன் அப்பெலாசியோனுக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் தகுதி அப்படியே தொடரும், ஏனென்றால் அது மண்ணுக்குக் கொடுத்ததல்ல. லேபிளில் "க்ரான் க்ரூ க்ளாஸே ஆன் 1855" என்று இருந்தால் இந்தப் பட்டியல். சிவப்பில் இன்று 61 பண்ணைகள். பட்டியலில் இடம் கிடைக்காத மெதோக் பண்ணைகளுக்காக "க்ரூ பூர்ஷுவா" என்று வேறொரு தேர்வு நடக்கிறது. விலைக்கு ஏற்ற சரக்கு அங்கே நிறைய உண்டு.

ஆற்றைத் தாண்டி வலது கரைக்குப் போனால் சேன்-தெமிலியோன் தனி வழி. "சேன்-தெமிலியோன் க்ரான் க்ரூ" என்பது வெறும் அப்பெலாசியோன். சற்றே இறுக்கமான விதிகளைப் பின்பற்றினால் போதும், நூற்றுக்கணக்கான பண்ணைகள் இப்படி எழுதிக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட பண்ணை என்றால் "க்ளாஸே" என்ற சொல்லும் கூடவே இருக்க வேண்டும். இந்தப் பட்டியல் 1955இல் தொடங்கியது, ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும். 2022 பட்டியலில் 71 பண்ணைகள் "க்ரான் க்ரூ க்ளாஸே", அதற்கு மேலே 14 "ப்ரெமியே க்ரான் க்ரூ க்ளாஸே", அந்த 14இல் ஃபிஜாக், பாவி என்ற இரண்டுக்கு மட்டும் ஏ தரம். ஓசோன், ஷெவால் ப்ளான் போன்ற உச்சப் பெயர்கள் போட்டியே வேண்டாம் என்று விலகிக்கொண்டன. அதனால் பட்டியலில் இல்லை என்பதற்காக அவை மலிவாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து பொமெரோலில் பட்டியலே கிடையாது. புகழ்பெற்ற பெத்ரூஸ் ஒயின் அங்கேதான் விளைகிறது.

போஜொலேயில் க்ரூ என்றால் பத்து இடங்கள்: மோர்கோன், ஃப்ளெரி, மூலேன்-ஆ-வான், ப்ரூயி என்று போகும். எல்லாம் கமே திராட்சை. ஷாம்பெய்னில் க்ரான் க்ரூ என்பது முழு ஊருக்குக் கொடுத்த தகுதி, 17 ஊர்கள். அல்சாஸில் மறுபடியும் தோட்டத்துக்கு, 51 தோட்டங்கள்.

ஒரு போர்தோ லேபிள்

சூப்பர்மார்க்கெட்டில் 7 யூரோவுக்குக் கிடைக்கும் வகை ஒன்று. மேலே கோபுரம் வைத்த மாளிகையின் கோட்டோவியம். அதன்கீழ் பொன் எழுத்தில் "ஷாத்தோ" இன்னது. அடுத்து "க்ரான் வேன் து போர்தோ". ஓரத்தில் வட்டமாக ஒரு பதக்கம். எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்ந்தது போல, "அப்பெலாசியோன் போர்தோ சுப்பீரியர் கோந்த்ரோலே".

மாளிகைப் படத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஷாத்தோ என்று எழுத நிஜமான மாளிகை வேண்டியதில்லை; திராட்சை அந்தப் பண்ணையிலேயே விளைந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. "க்ரான் வேன் து போர்தோ" எந்தப் பட்டியலையும் சேர்ந்ததல்ல. புகழ்பெற்ற பண்ணைகள் தங்கள் முதன்மை ஒயினை, இரண்டாம் ஒயினிலிருந்து பிரித்துக் காட்ட க்ரான் வேன் என்பார்கள். மற்றவர்கள் அழகுக்குப் போட்டுக்கொள்கிறார்கள். சட்டப்படி எடையுள்ள சொல் இந்த லேபிளில் "போர்தோ சுப்பீரியர்" ஒன்றுதான். சாதாரண போர்தோவைவிடக் குறைந்த விளைச்சல், சற்றுக் கூடுதல் ஆல்கஹால், சந்தைக்கு வருமுன் கூடுதல் காத்திருப்பு. ஆக இது பொய் சொல்லாத, நேர்மையான சாதாரண ஒயின். பொன் எழுத்தை மட்டும் படித்தவர் வேறு எதையோ வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

பதக்கத்தைப் பார்த்தால் எந்தப் போட்டி, எந்த ஆண்டு என்று படியுங்கள்.

மற்ற வட்டாரங்கள், வேகமாக

அல்சாஸ்: ஒல்லியான நீண்ட பாட்டில். திராட்சை வகையின் பெயர் லேபிளிலேயே இருக்கும்: ரீஸ்லிங், பினோ க்ரி, கெவுர்ஸ்திரமினர். தொடங்குகிறவருக்கு இதைவிட எளிதான வட்டாரம் இல்லை. "வாந்தாஞ் தார்தீவ்" என்றால் தாமதமாக அறுவடை செய்த, பொதுவாக இனிப்பான ஒயின்.

ரோன்: ஏணி தெளிவாக இருக்கும். கோத் து ரோன், அதற்கு மேல் கோத் து ரோன் வில்லாஜ், அதற்கு மேல் அதே பெயரோடு செகுரே, சாப்லே போன்று ஓர் ஊர்ப் பெயர், உச்சியில் ஜிகோந்தாஸ், வாக்கேராஸ் போலத் தன் பெயரில் மட்டும் நிற்பவை. வடக்கே சிரா, தெற்கே க்ரெனாஷ் தலைமையில் கலவை.

லுவார்: வூவ்ரே வாங்கும்போது "செக்", "தெமி-செக்", "மொவலே" என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரே ஊர், ஒரே ஷெனேன் திராட்சை. ஆனால் சுவை வறட்சியிலிருந்து (இனிப்பே இல்லாததிலிருந்து) தேன் வரை போகும். ம்யூஸ்கதேயில் "ஸ்யூர் லீ" என்றிருந்தால் ஈஸ்ட் கசடின் மேலேயே குளிர்காலத்தைக் கழித்தது; மீனுக்கு நல்ல துணை.

ஷாம்பெய்ன்: ஊரைவிட இனிப்பு அளவு முக்கியம். "ப்ரூத்" என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை. "எக்ஸ்ட்ரா ட்ரை" என்று பார்த்ததும் அதைவிட வறண்டது என்று தோன்றும். இல்லை, 12 முதல் 17 கிராம். "தெமி-செக்" 32 முதல் 50.

உருவம் ஒன்று, ஊர் வேறு

இந்த ஜோடிகளைக் கையோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூயி-ஃப்யூமே லுவாரில், சோவின்யோன் ப்ளான். பூயி-ஃபுயிஸே பூர்கோஞில், ஷார்தொனே. இரண்டும் வெள்ளை என்பதைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எர்மிதாஜ் ஒரு குன்று. குரோஸ்-எர்மிதாஜ் அந்தக் குன்றைச் சுற்றியுள்ள பரந்த நிலம், விலை பாதிகூட இருக்காது. மோந்தாஞ்-சேன்-தெமிலியோன், லலாந்து-து-பொமெரோல் ஆகியவை புகழ்பெற்ற ஊர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். மெர்லோ பிடித்தவர் குறைந்த செலவில் தொடங்க ஏற்றவை. "பெத்தி ஷாப்ளி" ஷாப்ளிக்கு ஒரு படி கீழே. ஆனால் எல்லா அடைமொழியும் தரத்தைச் சொல்வதில்லை. ஓ-மெதோக்கில் வரும் "ஓ" நீரோட்டத்தின் மேல்பக்கத்தைக் குறிக்கிறது, "ஓத் கோத் து நுயி"யில் வருவது மலைச்சரிவின் உயரத்தை.

மூன்றாவது: யார் பாட்டிலில் அடைத்தார்?

"மிஸ் ஆன் பூத்தேய்" என்று தொடங்கும் வரி. அதன்பின் "ஓ ஷாத்தோ", "ஓ தொமேன்" என்றிருந்தால் விளைந்த பண்ணையிலேயே அடைத்தது. "ஆ லா ப்ரோப்ரியெத்தே" என்பதும் அதே போன்றதுதான். கூட்டுறவுச் சங்கங்களும் அதைப் போடலாம். "பார்" என்று வந்து ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் நெகோசியான், அதாவது பல தோட்டக்காரர்களிடம் வாங்கிச் சேர்த்து விற்கும் வணிகர். நெகோசியான் என்பது வசைச் சொல் இல்லை. பூர்கோஞின் பழம்பெரும் நிறுவனங்கள் பலவும் அந்த வேலைதான் செய்கின்றன.

ஷாம்பெய்னில் இதைக் கண்டுபிடிக்க பூதக்கண்ணாடி வேண்டும். அடி ஓரத்தில் ஒரு எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து இருக்கும். என்.எம். என்றால் திராட்சை வாங்கிச் செய்யும் பெரிய நிறுவனம், ஆர்.எம். என்றால் தன் திராட்சையில் தானே செய்யும் தோட்டக்காரர், சி.எம். கூட்டுறவுச் சங்கம்.

அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கமும் உதவும்: 33 என்றால் போர்தோ பக்கம், 21 என்றால் பூர்கோஞின் இதயமான கோத்-தோர், 51 ஷாம்பெய்ன் விளையும் மார்ன். வேன் து ஃப்ரான்ஸ் பாட்டிலில் ஊர்ப் பெயர் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த ஊரின் பெயரே ஓர் அப்பெலாசியோனாக இருக்கும். அதை எழுத விதி இடம் தராது.

எடை இல்லாத சொற்கள்

"வியெய் வீஞ்" என்றால் முதிய கொடிகள். எத்தனை வயது என்று சட்டம் சொல்லவில்லை. முப்பதும் இருக்கலாம், எண்பதும் இருக்கலாம். "க்யூவே", "ப்ரெஸ்தீஜ்", "த்ரதிசியோன்" எல்லாம் தயாரிப்பாளரின் விருப்பம். நம்பிக்கைக்குரிய தயாரிப்பாளர் சொன்னால் மதிப்பு, இல்லையென்றால் அலங்காரம். ஆண்டு அப்படியல்ல: 2019 என்று போட்டால் குறைந்தது 85 சதவீதம் அந்த ஆண்டு அறுத்த திராட்சையாக இருக்க வேண்டும்.

அலமாரிக்கு முன்னால்

செப்டம்பரில் பிரான்சின் பெரிய கடைகள் எல்லாவற்றிலும் ஒயின் சந்தை நடக்கும். பழகுவதற்கு நல்ல காலம். பாட்டிலின் மேல் பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கீழ்ப் பாதியை மட்டும் படியுங்கள்: அப்பெலாசியோன் எது, அது வட்டாரமா ஊரா தோட்டமா, அடைத்தவர் யார். மூன்றுக்கும் விடை கிடைத்தபின் கையை எடுத்துப் பொன் எழுத்தைப் பாருங்கள்.

தொடக்கத்திலேயே க்ரான் க்ரூவுக்குப் போக வேண்டாம். பலவற்றை இளமையில் திறந்தால் வாயைக் கட்டும், பணமும் போகும். ஒரே ஏணியில் அடுத்தடுத்த இரண்டு படிகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். போஜொலே-வில்லாஜ் ஒன்று, மோர்கோன் ஒன்று. அல்லது கோத் து ரோன் ஒன்று, ஜிகோந்தாஸ் ஒன்று. திராட்சை ஒன்றேயாக அல்லது நெருக்கமாக இருப்பதால் இடத்தின் வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

உணவகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு: ஒயின் பட்டியல் பெரும்பாலும் வட்டாரம், அப்பெலாசியோன், தயாரிப்பாளர், ஆண்டு என்ற வரிசையில் இருக்கும். பாட்டிலைத் திறக்கும் முன் லேபிளை விருந்தினர் பக்கம் திருப்பி, அந்த வரிசையிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவர் "பூயி ஒரு பாட்டில்" என்று மட்டும் சொன்னால், ஃப்யூமேயா ஃபுயிஸேயா என்று கேட்டுவிட்டே நிலவறைக்குப் போங்கள். தக்கையைப் பிடுங்கியபின் கேட்டால் அந்தப் பாட்டிலுக்குக் கணக்கு யார் சொல்வது?